மொமிகுராவின் பெயர்க் கணக்கு

மொமிகுரா யசுனோரி தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் நிரூபித்துக்கொண்டிருந்தார். எந்தக் குடும்பப் பெயரும் கடைசியில் அழிந்துதான் போகும், அதற்காக யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது என்பதே அது. ஒருவனுக்கு இரண்டு மகன்கள் பிறப்பார்கள், இன்னொருவனுக்கு ஒருவன்கூடப் பிறக்கமாட்டான். சராசரி ஒன்று என்றாலும் தலைமுறை தலைமுறையாக இந்தக் குலுக்கல் நடக்க நடக்கப் பெயர்கள் ஒவ்வொன்றாக உதிரும். மரபணுக்களுக்கும் இதே கதிதான். நல்லதும் செய்யாத கெட்டதும் செய்யாத ஒரு மரபணு வெறும் அதிர்ஷ்டத்தால் ஊர் முழுக்கப் பரவும், இல்லையென்றால் சத்தமில்லாமல் மறையும். இதைப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுக் காட்டத்தான் எங்கள் பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. பக்கத்து அறையில் மரபணு ஆராய்ச்சிக்கான பழ ஈக்களோடு குடித்தனம் நடத்த எனக்கும் கொடுத்தது. என் பெயர் நாகுமோ. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் என் பெயரைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

ஏப்ரலில் புது மாணவர்கள் வந்ததும் அவர் முதல் வகுப்பில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஆளுக்கொரு பகடை கொடுத்து, அவரவர் குடும்பப் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்வார். ஒன்றோ இரண்டோ விழுந்தால் மகன் இல்லை. மூன்றோ நான்கோ விழுந்தால் ஒருவன். ஐந்தோ ஆறோ விழுந்தால் இருவர். ஒவ்வொரு மகனுக்கும் மறுபடி உருட்ட வேண்டும். மணி அடிப்பதற்குள் பலகையில் இருந்த பெயர்களில் முக்கால்வாசி அடிபட்டுப் போயிருக்கும். பிழைத்த சில பெயர்க்காரர்கள் ஏதோ சாதித்துவிட்டவர்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். உடனே மொமிகுரா அவர்கள் பக்கம் திரும்பி, "நீங்க ஒண்ணும் கிழிச்சிடல, சும்மா உருட்டினீங்க, அவ்வளவுதான்" என்பார். அதுதான் பாடம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆசிரியரும் விளையாடுவார். மொமிகுரா என்ற பெயரையும் பலகையில் எழுதி, தானும் பகடை உருட்டுவார். ஒரு வருஷம் நான் ஈ பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு அந்த வகுப்பைக் கடந்தபோது, மனிதர் குனிந்து மேஜையின் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மொமிகுரா சான், ஏதாவது விழுந்துடுச்சா?" என்று வழக்கமான மரியாதைச் 'சான்' சேர்த்துக் கேட்டேன்.

"மேஜை சாய்ஞ்சிருக்கு நாகுமோ சான். பகடை சரியா உருளல. இன்னொரு தடவ உருட்டறேன்."

"சார் இதோட மூணு தடவ உருட்டிட்டார்," என்று முதல் வரிசையில் ஒரு பெண் காட்டிக் கொடுத்தாள். "எங்க பேரெல்லாம் ஒரே தடவைல செத்துப்போச்சு."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் பகடையைக் கையிலிருந்து விடவில்லை.

ஏனென்றால் அவருடைய வீட்டில் நிஜமான பகடை உருண்டு முடிந்திருந்தது. ஒரே மகள், கொதோமி. மாகாணத்துத் தொலைபேசிப் புத்தகத்தில் மொமிகுரா என்ற பெயரில் அந்த ஒரு வீடுதான். மனைவி ஹிசாயோவின் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் மருமகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பேர விட்டுடாதப்பா" என்று கேட்டிருக்கிறார். இவரும் சரி என்று சொல்லிவிட்டார். எங்கள் நாட்டுச் சட்டப்படி புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பெயரில்தான் இருக்க வேண்டும். வழக்கமாக அது புருஷன் பெயராக இருக்கும். ஆகவே கொதோமியைக் கட்டுகிறவன் தன் பெயரைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு மொமிகுராவாக உள்ளே வர வேண்டும். வீட்டோடு மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை, பெண் மட்டும் உள்ள வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதான்.

வந்த வரன்கள் நிலைக்கவில்லை. ஒரு வங்கிக்காரன் சம்மதித்தான், அவன் அம்மா சம்மதிக்கவில்லை. அடுத்து ஒரு வீட்டின் மூன்றாவது மகனைப் பிடித்து வந்தார். அவனுக்குப் பெயரை விடுவதில் துளி வருத்தமும் இல்லை. கொதோமிதான் உதட்டைப் பிதுக்கினாள். "மூணாவது மகன்ங்கறதத் தவிர அவர்கிட்ட வேற என்ன இருக்குப்பா?" என்று கேட்டுக் கதையை முடித்துவிட்டாள்.

அவள் நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்த்தாள். ஊற்றுகளில் நீர்மட்டம் அளப்பது வேலை. மலைமேல் ஓடைத் தண்ணீரில் வசாபி என்ற காரக் கிழங்கைப் பயிரிடுகிற இவாதரே ஷுஹெய் என்பவன், ஓடையில் தண்ணீர் குறைகிறது என்று புகார் கொடுக்க வந்தான். புகாரை விசாரிக்கப் போனவள் தண்ணீர் சரியான பிறகும் விசாரித்துக்கொண்டே இருந்தாள். விஷயம் முற்றியது. ஆனால் ஷுஹெய்யும் ஒரே மகன்.

ஒரு நாள் மத்தியானம் கொதோமி என் ஈ அறைக்கு வந்து, பாட்டில்களை நகர்த்திவிட்டு மேஜைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

"அத்தை, நீங்கதான் நடுவுல நின்னு பேசணும்."

"எனக்கு ஈக்கு ஜோடி சேத்துத்தாம்மா பழக்கம்."

"இது அதவிடச் சுலபம்."

"எப்படிச் சுலபம்? ஈக்குச் சம்மதம் குடுக்க அப்பன் கிடையாது."

அவள் சிரிக்கவில்லை. "அவங்க அப்பா மனசார சரின்னு சொல்லாம ஷுஹெய் வரமாட்டான். எங்க அப்பா பக்கத்துல உக்காராம எனக்குக் கல்யாணம் வேண்டாம். ரெண்டு கெழவங்களும் ஒரு முடிவுக்கு வரலேன்னா நாங்க இப்படியே நரைச்சுப்போக வேண்டியதுதான். வேற ஒருத்தனப் பாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க அத்தை, பாத்தாச்சு, போதும்."

அவள் கண் கலங்கியதும் நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தச் சமயத்தில் எனக்கும் மொமிகுராவுக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காரணம் சோதனைக் குழாய்கள். மேற்குக் கடற்கரையில் ஒரு மீனவக் கிராமத்தை எடுத்துக்கொண்டு, குடும்பப் பெயர்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று அவர் பல வருஷங்களாக ஆராய்ந்துவந்தார். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒரு குரோமோசோம் உண்டு. பெயரும் அப்படித்தான் போகிறது. ஆகவே ஒரே பெயருள்ள ஆண்களுக்கு அந்தக் குரோமோசோமும் ஒன்றாக இருக்க வேண்டும். எச்சில் மாதிரிகளைச் சேகரித்து அவர் என்னிடம் கொடுத்தார். நான் சோதித்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. ஒரே பெயர், பக்கத்துப் பக்கத்து வீடு, குரோமோசோம் மட்டும் ஆளுக்கொரு ரகம். இன்னொரு புதிரும் இருந்தது: அவருடைய சூத்திரப்படி அந்தக் கிராமத்தில் பாதிப் பெயர்கள் எப்போதோ அழிந்திருக்க வேண்டும், ஆனால் எல்லாம் கல்லுக்குண்டாய் இருந்தன.

"குழாயெல்லாம் கலந்துபோச்சு போல," என்றார் அவர்.

மறுபடி முதலிலிருந்து செய்தேன். அதே விடை.

"உங்களச் சொல்லல நாகுமோ சான். ஈ பறக்கற அறை. என்ன பண்ண முடியும்?"

என் அறையில் பறக்கிற ஈக்கு நான் பேர் வைத்து வளர்க்கிறேன், அது எச்சிலைக் கொண்டுபோய் இன்னொரு குழாயில் போடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வருஷம் அவருக்குப் புத்தாண்டு வாழ்த்து அட்டைகூட நான் அனுப்பவில்லை.

இருந்தாலும் கொதோமிக்காக ஏற்பாடு செய்தேன். ஆற்றங்கரை விலாங்குமீன் சாப்பாட்டுக் கடையில் மாடி அறை. விலாங்கை அங்கே உயிரோடு எடுத்து, அறுத்து, ஆவியில் வேகவைத்து, பிறகுதான் சுடுவார்கள். வருவதற்கு வெகு நேரமாகும், அதற்குள் பேசி முடித்துவிடலாம் என்று போட்ட திட்டம்.

இவாதரே கென்கிச்சி, மாப்பிள்ளையின் அப்பா, பெண்டாட்டியை இழந்தவர். பனித்தண்ணீரிலேயே நின்று நின்று கை இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. கடையின் வசாபியை நம்பாமல், தன் தோட்டத்துக் கிழங்கு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வணக்கம் சொல்லி நிமிர்ந்ததுமே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"வாத்தியாரே, உங்க பொண்ணு தங்கமான பொண்ணு. எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா என் பையனக் குடுக்க மாட்டேன்."

"நான் பையனக் கேக்கல. பேர மட்டும்தான் மாத்தச் சொல்றேன்."

"பேரில்லாம வெறும் பையன் என்ன, தோலுரிச்ச விலாங்கா?"

மொமிகுரா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதைப் பார்த்ததுமே கொதோமி கண்ணை மூடிக்கொண்டாள். "உணர்ச்சிவசப்படாம கணக்காப் பாப்போம். இந்த மலையில இவாதரேங்கற பேர்ல பதினோரு வீடு இருக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் அந்தப் பேர் அழியறதுக்கு உண்டான வாய்ப்பு ரொம்பக் கொஞ்சம்தான் ஏறும். மொமிகுரா ஒரே வீடு. அது போச்சுன்னா மொத்தமும் போச்சு. அதனால நியாயமா..."

"பதினொண்ணுல பத்து வீட்டோட எனக்குப் பேச்சு கிடையாது," என்றார் இவாதரே.

"அது கணக்குல வராது."

"என் கணக்குல அதுதான் மொதல்ல வரும். என் தோட்டத்துத் தண்ணியத் திருப்பி விட்டவனெல்லாம் என் பேரக் காப்பாத்துவானா?"

ஷுஹெய் நல்ல பையன், ஆனால் இரண்டு பாறைகளுக்கு நடுவே முளைத்த செடி மாதிரி உட்கார்ந்திருந்தான். ஹிசாயோ எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மொமிகுராவுக்குக் குரல் ஏறியது.

"எங்க வம்சம் சாதாரணமானது இல்ல. தலைமுறை தலைமுறையா ஒரு தடவகூட அறுபடாம வந்திருக்கு, தெரியுமா? எனக்கு முன்னால என் மாமனார். அவருக்கு முன்னால..." ஒரு விரலை மடக்கியவர் அப்படியே நிறுத்தினார். "என்ன மாதிரியே மாமனாரும் மாப்பிள்ளையா வந்தவர்தான். அவருக்கு முன்னால யாரு ஹிசாயோ?"

"தாத்தாவா? அவரும் வந்தவர்தான். ஒடவாராவுலேர்ந்து."

"அதுக்கும் முன்னால?"

"அவரு சாக்கே சாராயம் காய்ச்சற வீட்டுப் பையன்னு அம்மா சொல்லுவாங்க."

"அப்ப ஒருத்தர்கூட..."

"ஒருத்தர்கூட மொமிகுராவாப் பொறக்கல," என்றாள் ஹிசாயோ, தேநீர்க் கெண்டியைக் கீழே வைக்காமல். "மொமிகுராவாப் பொறந்ததெல்லாம் பொண்ணுங்கதான்."

மனிதர் வாய் பிளந்தபடி சுவரையே பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த மீனவக் கிராமத்துப் பழைய பதிவுகளில் வீட்டோடு வந்த மாப்பிள்ளையை 'மகன்' என்றுதான் எழுதுவார்கள். இவர் அத்தனை பேரையும் பெற்ற மகன்கள் என்றே எண்ணிவிட்டார். குரோமோசோம் எப்படிப் பொருந்தும்? பெயர் எப்படி அழியும்? பெயர் அறுந்துபோகிற இடத்திலெல்லாம் யாரோ ஒரு மாப்பிள்ளை வந்து முடிச்சுப் போட்டிருக்கிறார். அப்படி முடிச்சுப் போட்ட ஒருவர்தான் நாற்காலியில் உட்கார்ந்து இத்தனை வருஷம் சூத்திரத்தில் பிழை தேடிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அது அத்தனை பழகிப்போன வழக்கம், யார் கண்ணிலும் படவில்லை.

"நாகுமோ சான்!" என்று எழுந்தார். "குழாயெல்லாம் சரிதான்! ஒண்ணும் கலக்கல!"

"அத நான் அப்பவே சொன்னேன். உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. சன்னல் வழியாகப் பார்த்தோம். கடையின் கழிப்பறைச் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆற்றங்கரையோரமாகப் பல்கலைக்கழகத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.

"இந்த ஆள் வீட்டுக்கா என் பையன அனுப்பச் சொல்றீங்க?" என்று இவாதரே என்னைக் கேட்டார்.

அப்போதுதான் விலாங்கு வந்தது. இவாதரே தன் கிழங்கைத் துருவி, தன் பங்கைச் சாப்பிட்டு, ஓடிப்போனவர் பங்கையும் இழுத்துவைத்துக்கொண்டார். கொதோமி ஒரு வாய்கூடத் தொடவில்லை. "எங்க அப்பாவுக்கு நான் பொண்ணாப் பொறந்ததே ஒரு கணக்குத் தப்புதான்," என்றாள். ஷுஹெய் அவள் முதுகில் கை வைத்தான். ஹிசாயோ கடைக்காரரிடம் செருப்புக்கு மன்னிப்புக் கேட்கக் கீழே போனாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுத்த வாரம் அவருடைய அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். மனிதர் புது மாப்பிள்ளை மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையாக வந்தவர்களைத் தனியாகப் பிரித்ததும் எல்லாம் பொருந்திவிட்டதாம். வளைகோடு அப்படியே சூத்திரத்தின்மேல் போய் உட்கார்ந்துவிட்டதாம்.

"கட்டுரையில உங்க பேரத்தான் மொதல்ல போடப்போறேன் நாகுமோ சான்."

"என் பேரு கெடக்கட்டும். அன்னிக்கு நீங்க ஓடினதுக்கப்புறம் உங்க பொண்ணு அழுதா, தெரியுமா?"

"ஏன் அழணும்? இப்பத்தான் எல்லாம் தெளிவாயிடுச்சே. மொமிகுரா பேரக் காப்பாத்தினதே மாப்பிள்ளைங்கதான். அப்ப ஷுஹெய் வந்தா பேரு நிக்கும். கணக்கே சொல்லுது!"

இவ்வளவு படித்தும் இப்படி ஒரு முடிவுக்கு வருகிற மனிதரை என்ன செய்வது? ஈ பாட்டில் ஒன்று கையில் இருந்தால் எறிந்திருப்பேன்.

"மாப்பிள்ளை வந்த வீடு பொழச்சுது, சரி. அவங்க விட்டுட்டு வந்த வீடெல்லாம் என்ன ஆச்சு? அதுக்குக் கணக்கு வெச்சிருக்கீங்களா?"

"அவங்க வீட்டுல வேற பசங்க இருப்பாங்க. அதனாலதானே குடுத்தாங்க."

"எல்லா வீட்டுலயுமா? கடைசி வரைக்குமா?"

கையில் இருந்த பென்சிலை மேஜைமேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. கோபமாகப் பேச வந்த எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் என்னவோ போல் ஆகிவிட்டது. மெல்ல வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவரே என் அறைக்கு வந்தார். "மலைக்குப் போய் இவாதரே சான்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். ஹிசாயோவும் வர்றா. நீங்களும் வந்தா நல்லா இருக்கும். தனியாப் போனா அவரு என்னத் தண்ணில தள்ளிடுவார்."

கொதோமி எங்களுக்கு முன்பே அங்கே இருந்தாள், ரப்பர் காலணி போட்டுக்கொண்டு ஷுஹெய்யோடு படிபடியாக வெட்டிய தோட்டத்து ஓடையில் நின்று கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தும் கழுவுவதை நிறுத்தவில்லை. இவாதரே, தரையில் நெற்றி படக் குனிந்த மொமிகுராவைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தார்.

"சரி, எழுந்திரிங்க வாத்தியாரே. செருப்பு உங்களோடதுதானே?"

"என்னோடதுதான்."

"அப்ப உள்ள வாங்க."

சமையலறையில் உட்காரவைத்து, சூடான சோற்றின்மேல் துருவிய வசாபியை வைத்துக் கொடுத்தார். வேறு கறி இல்லை. அந்த வீட்டில் வந்தவர்களுக்கு அதுதான் விருந்து. நனைந்த காலோடு கொதோமியும் ஷுஹெய்யும் வந்து கதவோரம் உட்கார்ந்தார்கள். இவாதரே துருவிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"நீங்களும் வந்த மாப்பிள்ளைதான்னு அன்னிக்குத் தெரிஞ்சுது. உங்க வீட்டுல நீங்க எத்தனாவது?"

"மூணாவது."

"மூணுல ஒண்ணக் குடுத்துட்டாங்க. மத்த ரெண்டு பேரு?"

"பெரியண்ணன் கடல்ல படகோட போயிட்டான். சின்னண்ணனுக்குக் குழந்தை இல்ல. அவனும் போன வருஷம் போயிட்டான்."

"அப்ப வீடு?"

"பூட்டிக் கெடக்கு."

இவாதரேயின் கை நின்றது. "என்ன பேரு அந்த வீட்டுக்கு?"

பக்கத்து அறையில் இத்தனை வருஷம் இருந்தேன், எனக்கு அதைக் கேட்கத் தோன்றியதே இல்லை.

"உனேகாவா."

"உனேகாவா," என்று இவாதரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு சோற்றுக் கரண்டியை எடுத்தார். "உனேகாவா சான், இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டா?"

மொமிகுராவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "காரம்," என்றார்.

"வசாபிய நீங்க இன்னும் தொடவே இல்ல," என்றார் இவாதரே.

பிறகு மொமிகுராவே பேசினார், கிண்ணத்தைப் பார்த்தபடி. "அப்பா என்ன அனுப்பறப்ப ஒரு வார்த்தகூட மறுக்கல. மூணு பேரு இருக்கானுங்க, ஒருத்தன் போனா என்னன்னார். கணக்குப்படி அவர் செஞ்சது தப்பில்ல. ஆனா அதுக்கப்புறம் எனக்குக் கடுதாசி போட்டா, உள்ள இருக்கறத மட்டும்தான் அவர் எழுதுவார். கவர் மேல மொமிகுராங்கற பேர அண்ணன விட்டு எழுதச் சொல்லுவார். கடைசி வரைக்கும் அவர் கையால அத எழுதவே இல்ல. அவருக்குக் கை நடுக்கம்னுதான் நான் நெனச்சிட்டு இருந்தேன்." நிமிர்ந்து ஷுஹெய்யைப் பார்த்தார். "தம்பி, நீ உன் பேரோடவே இரு. கொதோமி இங்க வருவா. அப்பா கல்யாணத்துல பக்கத்துல உக்காருவேன்மா. இனிமே கணக்குத் தாளெல்லாம் எடுக்க மாட்டேன்."

கொதோமி அழுதுகொண்டே சிரித்தாள். இவாதரே கரண்டியை வைத்துவிட்டுத் தரையைத் தொட்டுக் குனிந்தார். அப்போதுதான் மொமிகுராவுக்கு ஒரு விஷயம் நினைவு வந்தது. பெண்டாட்டி பக்கம் மெதுவாகத் திரும்பினார். தப்பு செய்த பள்ளிப் பையன் முகம் அப்படித்தான் இருக்கும்.

"பேசி முடிச்சாச்சா எல்லாரும்?" என்றாள் ஹிசாயோ. "பேரு யாருது?"

"உன்னுது."

"இத்தன நாள்ல என்ன ஒருத்தராவது கேட்டீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நடுவில் நின்று பேச வந்த நானும் கேட்கவில்லையே.

"எங்க அப்பா உங்க கையப் புடிச்சுத்தான் கேட்டார். நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன், என் கையப் புடிக்கல. பேரு என் வழியா வந்துதாம், ஆனா அதக் காப்பாத்தற வேல உங்களோடதாம். சரின்னு விட்டுட்டேன். இப்ப நான் சொல்றேன். கொதோமி இவங்க பேரோட இருக்கட்டும். அப்பாகிட்ட நான் பேசிக்கறேன், கல்லறைக்குப் போய், பூ வெச்சு. அவர் என்ன சொல்லிடப் போறார்?" தேநீரை ஒரு மிடறு குடித்தாள். "இன்னொண்ணும் இருக்கு. நாம விவாகரத்து பண்ணிக்கலாம்."

இவாதரே மறுபடி கையில் எடுத்த சோற்றுக் கரண்டி கீழே விழுந்தது.

"அம்மா!" என்றாள் கொதோமி.

மொமிகுராவின் முகம் வெளிறிவிட்டது. "உனக்கு அவ்வளவு கோவமா?"

"கோவம் இருக்கு. அது வேற, வீட்டுல வெச்சுப் பேசிக்கலாம். இத நான் போன வாரமே நகராட்சில போய் விசாரிச்சிட்டேன். நீங்க கல்யாணத்தப்ப என் பேர எடுத்துக்கிட்டீங்க, அவ்வளவுதான். எங்க அப்பாவுக்குத் தத்துப் பிள்ளையா எழுதிக் குடுக்கல. அதனால பிரிஞ்சா உங்க பழைய பேரு உங்களுக்குத் திரும்ப வந்துடும். அன்னிக்கே மறுபடி கட்டிக்கலாம். இந்தத் தடவ நான் உங்க பேருக்கு வர்றேன்."

"நீ எதுக்கு?" என்று மொமிகுரா தடுமாறினார். "நமக்கப்புறம் அந்தப் பேருக்கு யாரும் இல்லையே. நம்ம ரெண்டு பேரோட அதுவும் முடிஞ்சுடும். கணக்குப்படி பாத்தா இதுல ஒரு பிரயோஜனமும்..."

"முப்பத்தஞ்சு வருஷம் என் பேரச் சொமந்தீங்க. மீதிய நான் சொமக்கறேன். இதுல கணக்கு எங்க வந்துது?"

மொமிகுரா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றைப் பூராவும் சாப்பிட்டு முடித்தார்.

கொதோமியின் கல்யாணம் இலையுதிர்காலத்தில் நடந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார், தாள் ஒன்றும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் நாங்கள் நான்கு பேர் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். பிரிவதற்கும் இரண்டு சாட்சி வேண்டும், சேர்வதற்கும் இரண்டு சாட்சி வேண்டும். இரண்டுக்கும் இவாதரேயும் நானும்தான். எங்கள் நாட்டில் கையெழுத்துக்குப் பதில் பெயர் செதுக்கிய முத்திரையைத்தான் குத்துவோம், அந்த முத்திரைக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. கடையில் ஆயத்தமாக அடுக்கிவைத்திருக்கிற முத்திரைகளில் உனேகாவா இல்லை, கடைக்காரர் அப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். கொதோமி சொல்லி வைத்துச் செதுக்கி வாங்கினாள்.

கவுண்டரில் இருந்த பெண் சின்ன வயசு. இரண்டு மனுக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ரெண்டும் இன்னிக்கேவா?"

"ஆமாம்மா, ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு," என்றாள் ஹிசாயோ.

"பிரிஞ்சவங்க, அதுலயும் பொம்பளைங்க, உடனே மறுபடி கட்டிக்க முடியாதுன்னு ஒரு விதி..." என்று இழுத்தவள் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். "அதே ஆளையே கட்டினா பரவாயில்லையாம்."

"அதே ஆளுதான், வேணும்னா நாங்க சாட்சி சொல்றோம்," என்றார் இவாதரே.

முதல் மனுவை வாங்கிக்கொண்டு எங்களை உட்காரச் சொன்னாள். வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் அந்த இரண்டு பேரும், சட்டப்படி யாரோ யாரோவாக, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மொமிகுரா ஓரக்கண்ணால் ஹிசாயோவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பயம் என்று கேட்டேன். "இப்ப அவ மனசு மாறி எழுந்து போயிட்டா?" என்றார். முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய மனிதர்.

அவள் எழுந்து போகவில்லை. இரண்டாவது மனுவில் புது முத்திரையை அழுத்திக் கொடுத்தாள். அதோடு மொமிகுரா என்ற பெயரில் உலகத்தில் யாரும் இல்லை என்றாகிவிட்டது. அதைப் பகடை அழிக்கவில்லை, அந்த வீட்டுப் பெண்ணே சிவப்பு மையில் அழுத்தி முடித்துவைத்தாள். செத்துப்போன ஒரு பெயர் திரும்பி வருவதற்கு அவருடைய சூத்திரத்தில் இடமும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கவுண்டரிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். "உனேகாவா சான்!"

மனிதர் அசையவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரோ வரப்போகிறார்கள் என்பது போல.

"உனேகாவா சான், இருக்கீங்களா?"

ஹிசாயோ கையை உயர்த்தினாள்.

"இருக்கோம்," என்றாள். "நாங்கதான்."